கண் மூடிக் கும்பிட்ட படம்

இதை எழுத நாலைந்து வருடமாகத் தயங்கினேன்.

பந்தல்குடி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார் ஒருவர். ஒல்லியான ஆள், நகமெல்லாம் கருப்பு. ஆசைக்குப் படம் எடுக்கக் கற்று, முதலில் பழைய கேமரா, பிறகு நீள லென்ஸ், அப்புறம் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக வாங்கினார். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கேமராவைத் தொட மாட்டார்.

திருச்சுழி கோயிலில் என் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டதை எடுத்து என்னிடம் காட்டினார்.

"உயிரோட இருக்கவளக் கண்ணு மூடி எடுக்கலாமாய்யா? அழிச்சிருங்க."

"நல்லா வந்திருக்குண்ணே."

"அபசகுனம்யா."

அழித்தார்.

மறுமாதமே அவள் மாரடைப்பில் போய்விட்டாள். மாலை போட வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. அவர் எடுத்தது தெரிந்த என் மகள் கடைக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன். படம் அழிந்துபோய்விட்டது என்றார் அவர்.

"எங்கம்மா படத்தத்தான் அழிக்கணுமா? ஒங்களுக்கெல்லாம் எதுக்குக் கேமரா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"கை தவறிருச்சு தாயி."

நான் வாய் திறக்கவில்லை. ஊரும் அவரையே ஏசியது. கொஞ்ச நாளில் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. சாமி முன்னால் கண்ணை மூடினால், கை தவறிருச்சு என்ற அவர் குரல்தான் கேட்கிறது.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அழிக்கச் சொன்னவன் நான். அதை மாற்றாமல் சொல்லுங்கள்.