வெள்ளிக்கிழமை அடித்த அலாரம்

போன வாரம் என் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்து, குனோங் ராபாட்டில் நான் இருக்கும் வீட்டில் நான்கு கேமராக்களை மாட்டிவிட்டுப் போனாள். இப்போது வாசலில் பூனை நடந்தாலும் அங்கே அவள் கைத்தொலைபேசியில் மணி அடிக்கிறது. "அப்பா, ஏன் கேட்டைச் சாத்தல?" என்று அடுத்த நிமிடமே அழைக்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். கேமரா வந்த பெட்டியைத் திறந்தபோது அடித்த புது பிளாஸ்டிக் வாடை, கோப்பெங் பக்கத்தில் இருந்த அப்பாவின் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

ரப்பர் தோட்டத்தை விற்று, கித்தா மரங்களைச் சாய்த்த பிறகு லயத்துக் குடியிருப்பில் இருந்த ஆட்களுக்குக் கிடைத்த வரிசை வீடுகளில் அது ஒன்று. அம்மா அங்கேதான் இறந்தார். பிறகு அப்பாவுக்கு ஒரு கால் இழுத்துக்கொண்டது. நான் வேலை பார்த்த கோலாலம்பூருக்கு அவரை அழைத்துப் போவதென்று முடிவானது. "ரெண்டு மாசம்தான்பா, அப்புறம் திரும்பிப் போலாம்" என்றேன். அதை நம்பித்தான் அவர் இரண்டே வேட்டிகளை எடுத்து வைத்தார்.

பூட்டிய வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூடத் திருடர்கள் விட்டுவைக்காத காலம் அது. நான் ஓர் அலாரம் பெட்டி வாங்கினேன். தொலைபேசிக் கம்பியோடு அதை இணைத்துவிட வேண்டும். கதவைத் திறந்தால் அது தானாகக் கோலாலம்பூர் வீட்டுக்கு அடிக்கும், பிறகு என் கைத்தொலைபேசிக்கும் அடிக்கும். எடுத்தால் முதலில் நாம் பதிந்துவைத்த குரல் வரும். அதன் பிறகு ஒரு நிமிடம் வீட்டுக்குள் கேட்கும் சத்தம் வரும். நாம் பேசுவது அங்கே கேட்காது. நான் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கவனிக்கவும்! வீட்டினுள் யாரோ நுழைந்துள்ளார்கள்!" என்று பதிந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சரோஜாக்காவும் வந்து வேடிக்கை பார்த்தார்.

சரோஜாக்கா அப்பாவோடு ஒரே தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்; அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும் கூப்பிடுவார். ஆள் இல்லாத வீடானாலும் வெள்ளிக்கிழமை சாமி மேடை இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று அப்பா சாவியை அவரிடம் கொடுத்திருந்தார். கதவைத் திறந்ததும் நான்கு எண்களை அமுக்கினால் அலாரம் அடிக்காது என்று நானும் எழுதி நீட்டினேன். "அந்த நம்பரெல்லாம் எனக்கு வேணாம்லா தம்பி" என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதனால் வெள்ளிதோறும் மாலை ஆறரைக்குத் திருடன் வந்தான். அப்பா ஆறு மணிக்கே முகம் கழுவி, திருநீறு பூசி, தொலைபேசி அருகே உட்கார்ந்துவிடுவார். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். மணி அடித்ததும் எடுத்து, என் எச்சரிக்கையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரோவாம்! சரோஜாடா அது" என்பார். அப்புறம் "ம்… ம்…" என்று தலையாட்டுவார்.

"நீங்க பேசினா அங்க கேக்காதுப்பா."

"தெரியும்டா."

அடுத்து என் கைத்தொலைபேசி அடிக்கும். பல வெள்ளிகளில் நான் அலுவலகத்தில், மேலதிகாரிகளின் எதிரில் இருப்பேன். பாதிக் குரலிலேயே துண்டித்துவிடுவேன். ஒருநாளும் அந்த ஒரு நிமிடத்தை நான் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை விட்டுவிட்டுத் தனியாகக் கோப்பெங் போனேன். ஒரு பிஸ்கட் டின்னைச் சரோஜாக்கா கையில் கொடுத்து, "ஆபீஸ்ல எனக்கு ஒரே சூசா, தொல்லையா இருக்குக்கா, இனிமே விளக்கேத்த வேணாம்லா" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். ரொம்பப் பக்குவமாக நடந்துகொண்டதாக நினைப்பு வேறு.

அடுத்த வெள்ளி அப்பா ஏழரை வரை உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு வெள்ளிதானே?"

"சாவிய வாங்கிட்டேன்பா. இனிமே தொல்ல இல்ல."

அப்பா தொலைபேசி அருகிலிருந்து எழுந்தார். "நல்லதுடா" என்றார். அதற்குப் பிறகு கோப்பெங்கைப் பற்றி அவர் பேசவே இல்லை. இரண்டு மாதம் எப்போது முடியும் என்றும் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அந்த வருடத் தீபாவளியை அவர் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைத் திறந்தபோது சரோஜாக்கா வந்தார். சாமி மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வெளக்கேத்திட்டு ஊர் சேதி எல்லாம் சொல்லுவேன் தம்பி. மாமா கேக்குறாருன்னு தெரியும். எங்கிட்டதான் போன் இல்லயே. நீ சாவிய வாங்கின பொறவும் மூணு வெள்ளி வாசல்ல நின்னு சத்தமா சொல்லிப் பாத்தேன். அத்த வெச்ச பலா மொத பிஞ்சு விட்டுச்சுலா, அத எப்படியாச்சும் அவருக்குச் சொல்லணும்னு. வெளிய நின்னு பேசினா அந்தப் பொட்டிக்குக் கேக்காது, இல்ல?"

அந்த வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள். பலா நின்ற இடத்தில் கார் நிற்கிறது. தொலைபேசிக் கம்பியும் இல்லை, சரோஜாக்காவும் இல்லை. அன்றைக்கு அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கும்க்கா" என்று பொய் சொன்னேன்.