ஜனவரிக்கு வைத்த முடிவு

டிசம்பர் விடுமுறை என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு இனிக்கும். எனக்குக் கசக்கும். என்னோடு படித்த தமிழ்ப் பெண்கள் டிசம்பரில்தான் காணாமல் போனார்கள். பள்ளி மூடியதும் குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவில் சொந்த ஊருக்குப் போவார்கள். ஜனவரியில் குடும்பம் மட்டும் திரும்பி வரும். பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்திருப்பார்கள். புது வருஷத்து முதல் வகுப்பில் டீச்சர் அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிடுவார், பதில் வராது, அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் என் முன் வரிசையில் இருந்தவள் போனாள். மறு வருஷம் என் பக்கத்து நாற்காலிக்காரி போனாள். நான் கணக்கில் எப்போதும் மட்டம், ஆனாலும் அடுத்தது யார் என்று கண்டுபிடிக்கும் அளவுக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

அது அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, பலகைத் தடுப்பு வைத்த அறையில் குடியிருந்தோம். அப்பா பஸ் கண்டக்டர். சிராங்கூன் ரோட்டில் ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், ஏனென்றால் டிக்கெட்டோடு ஒரு கதையும் கிழித்துக் கொடுப்பார். சொல்வதைவிடக் கேட்பதில் அவருக்குப் பித்து அதிகம். ஒரு முறை கொட்டகையில் படம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டு, முதலிலிருந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்துதான் தட்டில் கை வைத்தார். மற்ற விஷயங்களில் அவர் பிடிவாதக்காரர். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

எங்களுக்கு இங்கிலீஷ் நடத்தியவர் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர். ஒல்லியான உருவம், வெள்ளைச் சேலை, கலியாணம் ஆகாதவர். சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நாங்கள் எல்லாருமே அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்வோம். செகண்டரி த்ரீயில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், வருஷப் பரீட்சை முடிந்து மற்ற வகுப்புகளில் கும்மாளம் தொடங்கிய நேரத்தில், அவர் மட்டும் ஒரு கட்டு நாடகப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடுமுறைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றார். சில நூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் எழுதிய நாடகம். ஒரு கிழ ராஜா தன் ராஜ்ஜியத்தைப் பங்கு போடுவதற்கு முன், என் மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம் என்று மூன்று மகள்களையும் கேட்கிறார். மூத்தவர்கள் இரண்டு பேரும் தேனாகப் பேசுகிறார்கள். கடைசி மகளுக்குப் பேச வரவில்லை. கோபம் தலைக்கேறிய ராஜா அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல், கடல் கடந்த நாட்டுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

டீச்சர் வேஷங்களைப் பிரித்தபோது அந்தக் கடைசி மகள் எனக்கு வந்தாள். வாய் திறக்காதவளுக்கு வாய் திறக்காத வேஷம் என்று வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் கடந்து என்ற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு புது டிரங்குப் பெட்டி வந்திருந்தது.

யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அம்மா நாள் முழுவதும் தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கையாகத் தைத்துத் தள்ளினாள். எல்லாம் என் அளவு. அந்த மெஷின் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்காது. அப்பாவின் அத்தை மகன், எனக்கு மாமா முறை, நாகப்பட்டினம் பக்கம் அரிசி மில் வைத்திருந்தார். அவர் மகனுக்கு என்னைக் கொடுப்பதாக அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார் என்பதைப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டு அக்காதான் எனக்குச் சொன்னாள். "பயப்படாத லா, அங்க நல்லாத்தான் இருக்கும்" என்றும் சொன்னாள். அவள் சொன்ன விதத்திலேயே என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்பாவிடம் போய் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம்தான். வாய் வர வேண்டுமே.

ஒரு சாயங்காலம் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, ஸ்கூலில் என்ன நடக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டார். நான் அந்த ராஜா கதையைத் தொடங்கினேன். முதல் நாள் அவர் முழுக்க முழுக்க ராஜா பக்கம். "பெத்த அப்பனுக்கு நல்லதா ரெண்டு வார்த்த சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்று கடைசி மகளைத் திட்டினார். மறுநாள் வந்ததும் வராததுமாக, "அப்புறம்?" என்றார். மூத்த மகள்கள் அப்பனை விரட்டிவிட்டதைக் கேட்டுச் சாப்பாட்டை நிறுத்தினார். கிழவர் இடியிலும் மழையிலும் வெட்டவெளியில் நின்று கத்திய அன்று இங்கேயும் பேய்மழை, கீழே ரோட்டில் முழங்கால் தண்ணீர். அப்பா சன்னலைச் சாத்தக்கூட எழுந்திருக்கவில்லை. "அந்தச் சின்னவ எங்க? அவளுக்கு யாரும் சேதி சொல்லலியா?" என்றார். சின்னவள் படையோடு கடல் தாண்டி வந்து இறங்கியதும், பைத்தியம் தெளிந்த அப்பன் அவளை அடையாளம் கண்டதும் வந்த நாளில், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நாளைக்குச் சண்டை என்றேன். டீச்சர் வாசித்து விளக்காமல் அந்தப் பழைய இங்கிலீஷ் எனக்குப் புரியாது, அதனால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கும் தெரியாது.

மறுநாள் வகுப்பில் டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. விடுமுறைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்தது. மிச்சத்தை ஜனவரியில் படிக்கலாம் என்றார். எங்கள் புத்தகங்களையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். மற்றப் பெண்கள் விட்டது தொல்லை என்று குதித்தார்கள். ஜனவரியில் நான் இருக்க மாட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று நினைத்தேன்.

அப்பா தவித்துப்போனார். பஸ்ஸில் ஏறிய பள்ளிக்கூடப் பையன்களிடமெல்லாம் விசாரித்தார். அவர்கள் பள்ளியில் வேறு நாடகமாம். "முடிவச் சொல்லாம லீவு விடறது என்னா ஸ்கூலு?" என்று பொருமினார். ஆனாலும் கப்பல் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கப்பலில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். இரவும் பகலும் எனக்கு ஒரே நினைப்பு, இதே கப்பல் திரும்பும்போது அதில் நான் இருக்க மாட்டேன். சோற்றைத் தொடவே இல்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். அம்மா மட்டும் என் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாது" என்றாள். அவளுக்கு என் பயம் ஒரு பொருட்டாகவே படவில்லை என்று எனக்கு அழுகை வந்தது.

மாமா வீட்டில் தடபுடலாக வரவேற்றார்கள். மாப்பிள்ளையை நான் சரியாகப் பார்க்கவில்லை. கூடத்தில் அவர் இருமுவதை மட்டும் கேட்டேன். பொங்கல் முடிந்து தை மாதமே கல்யாணம், அதுவரை நானும் அம்மாவும் இங்கேயே இருப்போம் என்று பேச்சு. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டோடு எல்லாரும் உட்கார்ந்ததும், சிங்கப்பூர்க்காரரைக் கதை சொல்லச் சொன்னார்கள். அப்பா அந்த ராஜா கதையைத்தான் எடுத்தார். மழையில் கிழவர் நின்ற இடத்தை நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். சின்னவள் கடல் தாண்டி வந்தாள், அப்பனும் மகளும் கட்டிக்கொண்டார்கள். அதோடு அப்பா நிறுத்தினார். கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்புறம் அந்தப் பொண்ணு என்னாங்க ஆனா?"

நான் திடுக்கிட்டுப் போனேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அப்பா அசடு வழிந்தார். "அத இன்னும் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கல" என்றார்.

மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "பொட்டப்புள்ள கதைக்கு முடிவு வேறயாக்கும்? கட்டிக் குடுத்து அனுப்பியாச்சுல்ல, அதோட அவ கதை முடிஞ்சுது. அப்பனத் தேடித் திரும்பி வந்தா பாரு, அதான் தப்பு."

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கதவிடுக்கில் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து எனக்குப் பழக்கம் இல்லாததால், ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று உள்ளே ஓடிவிட்டேன்.

காலையில் கிணற்றடியில் அப்பா பேசுவது கேட்டது. "மச்சான், புள்ளைக்கு ஜனவரில ஸ்கூல் தொறக்குது. கதை பாதில நிக்குது. படிச்சு முடிக்கட்டும், அப்புறமா பேசிக்குவோம்."

"வெள்ளைக்காரன் கதைக்காகவா சம்பந்தத்த விடுற? ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"அப்படியே வச்சுக்குங்க" என்றார் அப்பா.

மாமா எங்களை வழியனுப்பக்கூட வரவில்லை. கப்பல் கரையை விட்டு நகரும்வரை நான் நம்பவில்லை. யாராவது ஓடி வந்து என்னை மட்டும் இறக்கிவிடுவார்கள் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஜனவரியில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் இருந்தேன். முதல் தடவையிலேயே பதில் வந்தும், டீச்சர் அடுத்த பெயருக்குப் போகாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். சின்னவள் சண்டையில் தோற்றாள். சிறையில் அவளைத் தூக்கில் போட்டார்கள். அப்பன் அவள் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, அழுது அழுது அங்கேயே செத்தான். அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய் அதைச் சொன்னேன். ஜெயிச்சாளா என்று ஆசையாகக் கேட்டவர், கேட்டு முடித்ததும் எழுந்து சன்னல் பக்கம் போனார். "பாவி, எப்படி மனசு வந்துச்சு அவனுக்கு, இப்படி எழுத?" என்றார். பிறகு ஒரு வாரம் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் அந்த எழுத்தாளனைத் திட்டினார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் சபையில் வாய்விட்டுக் கேட்டவளுக்கு, முடிவு வந்தபோது காது கேட்கவில்லையா என்று எனக்கு ஆச்சரியம். அந்தச் சம்பந்தப் பேச்சு அப்புறம் எங்கள் வீட்டில் எழவே இல்லை.

நானும் டீச்சர் ஆனேன். முதல் வருஷமே இங்கிலீஷ் நாடகம் நடத்தினேன். டிசம்பர் விடுமுறைக்குள் முடிக்க முடியவில்லை. ஓய்வு பெற்றுத் தனியாக இருந்த என் டீச்சரைப் பார்க்கப் போனபோது, நானும் உங்களைப் போலக் கடைசி அங்கத்தை ஜனவரிக்கு வைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஒரு நாடகத்தையும் அப்பிடிப் பாதியிலை விட்டதில்லைப் பிள்ளை. அந்த ஒரு வருஷம்தான். உம்மடை அம்மா வந்தவ."

எங்கள் வீட்டு விஷயத்தில் அம்மா எங்கேயும் போனதாக எனக்குத் தெரியாது.

"நீர் வகுப்பிலை இருக்கேக்கை, ஆசிரியர் அறை வாசலிலை செருப்பைக் கழட்டிப்போட்டு நிண்டவ. 'முடிவ மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், அவருக்குக் கதை பாதியில நின்னா சோறு இறங்காது, எப்படியும் புள்ளையத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவாரு' எண்டு கேட்டவ. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனா, அவவுக்கும் வேறை வழி இருக்கேல்லை."

டீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "போகேக்கை திரும்பி வந்து, 'அந்தப் பொண்ணு பொழைச்சுக்குமா' எண்டு கேட்டவ. எனக்குப் பொய் சொல்ல வரேல்லை. செத்துப்போகும் எண்டு சொன்னன். செருப்பைக்கூடப் போடாமல் கையிலை தூக்கிக்கொண்டு போனவ."

அப்படியானால் கடைசி ரவிக்கைகளைத் தைத்தபோதும், கப்பலில் என் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டபோதும் அம்மாவுக்கு அந்த முடிவு தெரியும். நான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்ததாக நினைத்த அத்தனை நாளும், என்னைவிட அதிகமாகப் பயந்தவள் என் பக்கத்திலேயே பாயில் படுத்திருந்தாள். அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து, நாலு பேர் முன்னால், அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அம்மா கேட்டாளே, அப்போது அந்த வீட்டில் விடை தெரிந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.