பேங்கில் பிழிந்த எலுமிச்சம்பழம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் ஒரு பக்கம் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் பயமாக இருக்கிறது.

கோவையிலிருந்து என் மாமியார் முதல் முறையாக எங்களிடம் வந்திருந்தார். அவருக்காக நான் லீவு போட்டிருந்தேன். வந்த ஐந்தாம் நாள் காலை என் கணவர் ஆபீஸுக்குக் கிளம்பியதும் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிரித்துப் பார்த்தால், உள்ளே நூறு டாலர் நோட்டுகள் பதினெட்டு!

"கண்ணு, டெக்சாஸ்ல இருக்கற என்ற தங்கச்சியைப் பாத்து ஏழு வருஷமாச்சு. பிளேன் டிக்கெட் எடுக்கோணும். அவ பேத்திக்கு ஒரு செயினும் வாங்கோணும். ஆனா எல்லாம் என்ற காசுலதான். உன்ற ஊட்டுக்காரன் ஒரு பைசா போடக் கூடாது, சொல்லிப்போட்டேன்."

அந்த நோட்டுகள் எங்கள் கையிலிருந்து போனவைதான். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும், கோவை விமான நிலைய வாசலில் நானும் கணவரும் ஆளுக்கு ஒரு நோட்டை அத்தை கையில் வைப்போம். ரூபாயெல்லாம் அதற்குள் கரைந்துபோயிருக்கும், பர்ஸில் மிச்சமிருப்பது டாலர்தான். ஒன்பது பயணத்தில் பதினெட்டு நோட்டு சேர்ந்திருந்தது. அத்தை ஒன்றையும் மாற்றவில்லை. இந்தப் பயணத்துக்கென்று மாற்றப் போனபோது யாரும் வாங்கவும் இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் படத்தில் இருக்கும் தாத்தாவின் நெற்றியில் குங்குமம்! கோவையில் நாணயம் மாற்றும் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார். டாலரில் துளி கறை இருந்தாலும் எடுக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்களாம். ஒருவன் மட்டும் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறான். அத்தை அவனை நன்றாகத் திட்டிவிட்டு, டாலர் பிறந்த ஊரிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்று கட்டி எடுத்து வந்துவிட்டார்.

நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. அப்படியே கொண்டுபோய் நீட்டினால் பேங்கில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். அத்தை குளிக்கப் போன நேரத்தில் அழுக்கைப் போக்குகிறேன் பேர்வழி என்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, துணி துவைக்கும் சோப்புத்தூளும் பேக்கிங் சோடாவும் கலந்து, பதினெட்டையும் ஊறப்போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், ஐயோ! தண்ணீரெல்லாம் ரத்தச் சிவப்பு. நோட்டுகளும் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடந்தன. குங்குமம் கரைந்து ஊறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தேய்த்தால் கிழிந்துவிடுமோ என்று பயந்து, சரியாக அலசாமல், ஹேர் டிரையரில் காய வைத்தேன்.

குளித்துவிட்டு வந்த அத்தை அவற்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "என்ன சாமி, இப்படிப் பண்ணிப்போட்டே?" என்றார். ஒவ்வொரு நோட்டாக எடுத்துத் தன் முந்தானையில் ஒற்றினார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. இது அமெரிக்கா, எந்த டாலரையும் வாங்கிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தைரியம் சொல்லி, காரில் ஏற்றிக்கொண்டு பேங்குக்குப் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த இளைஞர் முதல் நோட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஒரு நிமிடம் என்று சொல்லி உள்ளே போனார். வாசலில் நின்ற காவலாளி மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார். மேனேஜர் ஒரு பெண்மணி, அவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே பேங்கைக் கொள்ளையடித்து ஓடும்போது, பணக்கட்டுக்குள் ஒளித்து வைத்த சாயம் வெடித்து நோட்டெல்லாம் சிவப்பாகிவிடும். பிறகு அந்த நோட்டு எங்கே போனாலும் காட்டிக் கொடுத்துவிடும். நான் பதினெட்டுச் சிவப்பு நோட்டுகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்! அடுத்த மாதம் எங்களுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ வேறு. மஞ்சள், பூஜை, மாமியார் என்று என்னென்னவோ உளறினேன். மஞ்சள் என்றால் மஞ்சளாகத்தானே இருக்கும், இது ஏன் சிவப்பாக இருக்கிறது என்று அவர் பொறுமையாகக் கேட்டார். நியாயமான கேள்வி. குங்குமம் கரைந்த கதையைச் சொன்னேன், அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பக்கத்தில் அத்தை ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். கண்கள் மேஜை மேல் இருந்த நோட்டுகளை விட்டு நகரவே இல்லை. "குடுக்க மாட்டாங்களா கண்ணு? தங்கச்சிகிட்ட வர்றேன்னு சொல்லிப்போட்டேனே" என்றார். காரில் போனாலே அவருக்குக் குமட்டும், அதற்காக எப்போதும் கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே வருவார். இப்போதும் பதற்றத்தில் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

அந்தப் பழத்தைப் பார்த்ததும் எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது! நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள், மருந்து கம்பெனி லேபில் வேலை செய்கிறவள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவப்பாகும், புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். என் வீட்டுச் சமையலறையில் அது எனக்கு மறந்துபோயிருக்கிறது!

"அத்தை, பழத்தைக் குடுங்க, ஒரு ஊக்கும் குடுங்க" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அவர் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, பழத்தைக் குத்தி, ஒரு நோட்டின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு பிழிந்தேன். எல்லோரும் குனிந்தோம். காவலாளிகூட கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். சிவப்பு எங்கள் கண் முன்னாலேயே பளீரென்று மஞ்சளானது! மேனேஜர் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டி, இன்னொரு முறை செய்யுங்கள் என்றார். மூன்று நோட்டில் செய்து காட்டினேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் கடமையை விடவில்லை. ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் சரிபார்த்து, அரை மணி நேரம் கழித்துப் பதினெட்டையும் என் கணக்கில் வரவு வைத்தார். ரசீதைக் காட்டியதும் அத்தை மேனேஜரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது மேனேஜர், பணத்துக்கு ஏன் இப்படி நிறம் வைக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். லட்சுமிக்குப் பொட்டு வைக்கும் வழக்கம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இருந்தாலும் அத்தையையே கேட்டுவிடுவோம் என்று கேட்டேன்.

"இவுங்க ரெண்டு பேரும் ஏர்போர்ட்டுல குடுத்துட்டு உள்ள போயிருவாங்க. நான் ஊட்டுக்கு வந்து, பொட்டு வெச்சு, சாமி முன்னால வெச்சுருவேன். பத்திரமா எறங்கிட்டோம்னு போன் வந்தப்புறந்தான் எடுத்து உள்ள வெப்பேன். அதையப் போயி எப்படிங்க செலவு பண்றது? தங்கச்சிக்குன்னுதான் மனசு வந்துச்சு" என்றார்.

அதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்த நான் பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பெண்மணி புரிந்துகொண்டு, டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த வாரமே அத்தை தன் காசில் டெக்சாஸ் போனார். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு நிற்கும் போட்டோ வாட்ஸப்பில் வந்தபோது என் கணவர் சிரித்தார், நான் அழுதேன். நாங்கள் போர்டிங் பாஸைத் தேடும் அவசரத்தில் கையில் திணித்துவிட்டு மறந்துபோன நோட்டுகள் அவை. நாங்கள் தரை இறங்கும்வரை ஒருவர் தூங்காமல் காத்திருந்ததன் அடையாளத்தைத்தான் அழுக்கு என்று நினைத்து சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன் என்பது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.