சாய்மியின் கறுப்பு அட்டைப் புத்தகம்

எங்கள் குசிவாரா சபையின் வருடப் புத்தகத்தில் இந்த வருடம் பதினேழாவது பெயர் சாய்மி. எழுதியது நான். முப்பத்தொரு வருடம் அந்தப் புத்தகத்தை எழுதியவள் அவள்தான். அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. ஆண்டவர் பொறுத்துக்கொள்வார், அவளும் பொறுத்துக்கொள்வாள்.

சாய்மி கோயிலின் காவல்காரி. சாவி, மணி, மெழுகுவர்த்தி, அடுப்பு எல்லாம் அவள் பொறுப்பு. தரை கழுவுவதும் விறகு சுமப்பதும் என் வேலை. ஊரில் என்ன நடந்தாலும் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவாள். “ஏரியில் பனி மே பன்னிரண்டில் உடைந்தது.” “மேற்குக்கரைப் பள்ளியை மூடினார்கள், பிள்ளைகள் ஏழு பேர்தான் மிச்சம்.” “எட்டுக் குடும்பங்கள் வேலை தேடி ஸ்வீடனுக்குப் போயின.” அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அந்த வருடம் இறந்தவர்கள்.

நவம்பர் முதல் வாரத்தில், பரிசுத்தவான்கள் திருநாளன்று, போதகர் அந்தப் பெயர்களைப் படிப்பார். ஒரு பெயருக்கு ஒரு மணி. மணிக் கயிறு சாய்மியின் கையில். ஒரு பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி, அது என் கையில். பெயர் கேட்டதும் அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். சொந்தக்காரர் மணி அடிக்கக் கூடாது, நிற்க வேண்டும். இது எங்கள் சபையின் பழக்கம்.

அவள் கணவன் ஒய்வா மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து காது மந்தமானவன். வாய் மட்டும் மந்தமில்லை.

“ஊர்ல எவனாவது இருமினாப் போதும், இவ பென்சிலைச் சீவ ஆரம்பிச்சுடுவா” என்பான்.

“நீ இருமு, உனக்கும் சீவி வைக்கிறேன்” என்பாள் சாய்மி.

“சீவு, சீவு. ஆனா எனக்கு மணி அடிக்கிறவங்க பலமா அடிக்கணும். இல்லன்னா நான் பாட்டுக்குத் தூங்கிட்டிருப்பேன்.”

சாய்மி நல்லவள், ஆனால் கறாரானவள். டாக்டரோ கோர்ட்டோ எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல் ஒரு பெயரையும் கோட்டுக்குக் கீழே சேர்க்க மாட்டாள். ஆற்றோரத்தில் இருக்கும் லெம்பியின் மகன் ரெய்னோ ஸ்வீடனுக்குப் போய், அங்கிருந்து கப்பல் வேலைக்குப் போனான். அலையில் விழுந்துவிட்டான் என்று கூட வேலை செய்தவன் ஒரு கடிதம் போட்டான். அவ்வளவுதான். உடலும் வரவில்லை, தாளும் வரவில்லை. லெம்பி ஒவ்வொரு அக்டோபரும் வந்து கோயில் படியில் நிற்பாள்.

“ஒரு மணி சாய்மி. ஒண்ணே ஒண்ணு.”

“கோர்ட்ல மனு கொடு லெம்பி. தாள் வரட்டும், நானே எழுதறேன்.”

“என் மகனைச் செத்தவன்னு எழுதிக் குடுங்கன்னு நானே போய் நிக்கணுமா?”

“அப்புறம் மணி மட்டும் எதுக்குக் கேக்கறே?”

லெம்பி படியிறங்கித் திரும்பிப் போவாள். இப்படி ஒன்பது வருடம். நான் வாளியோடு பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வாய் திறந்ததில்லை. அது என் பாவம்.

பத்தாம் வருடம் அக்டோபர் கடைசியில், ஒய்வா சின்ன மீனுக்கு வலை எடுக்கப் போனான். காற்று மாறியது. மத்தியானம் படகு மட்டும் நாணல் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கையுறையும் கிடைத்தது. ஆறு நாள் ஊரே துரட்டிக் கம்பியோடு ஏரியைத் துழாவியது. ஏழாம் நாள் கரையோரம் பனி பிடித்துவிட்டது. எல்லாரும் கரையேறினார்கள்.

மறுநாள் திருநாள். போதகர் அன்றே சாய்மி வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

“சாய்மி, ஊரே எதிர்பார்க்குது. தாள் பின்னாடி வரட்டும். நாளைக்கு ஒய்வா பேரைப் படிச்சுடட்டுமா?”

“வேண்டாம் ஐயா.”

“உனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்மா.”

“படிச்சா நான் எழுந்து நிக்கணும். நின்னா அவர் செத்தவர்னு நானே சொன்னதா ஆகும். காலையில அவருக்குக் காப்பி ஊத்தி வச்சிருக்கேன் ஐயா.”

மேசையில் அந்தக் கோப்பை இருந்தது. ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. போதகர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் லெம்பி வந்தாள். துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி, இன்னும் சூடு ஆறவில்லை. ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து இவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ ரொட்டியை அறுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

சாய்மிதான் கேட்டாள். “ஒன்பது வருஷம் எப்படி லெம்பி இருந்தே?”

“கதவைத் தாழ்ப்பாள் போடாம இருந்தேன்.”

“குளிர் காலத்திலயுமா?”

“குளிர்லதானே அவன் வருவான்.” லெம்பி கொஞ்சம் சிரித்தாள். “ஒரு தடவை பக்கத்து வீட்டு ஆடு உள்ள வந்து படுத்துக்கிச்சு. வந்ததே வந்துச்சுன்னு அதுக்கும் ரொட்டி போட்டேன்.”

சாய்மியும் சிரித்தாள். சிரித்தபடியே மேசையில் தலை சாய்த்து அழ ஆரம்பித்தாள். அந்த வாரத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை கோயில் நிறைந்திருந்தது. இருபத்துமூன்று பெயர். போதகர் படித்தார், மணி அடித்தது, நான் ஏற்றினேன். கடைசிப் பெயரும் ஆயிற்று. போதகர் புத்தகத்தை மூடினார். சாய்மியைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

அப்போது இன்னொரு மணி விழுந்தது.

எல்லாரும் திரும்பினோம். கோபுரத்துக்கு அடியில் திறந்திருந்த கதவுக்குள் சாய்மி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஆராதனை நடுவே இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசாதவள், தெளிவாகச் சொன்னாள்:

“ரெய்னோ. லெம்பியோட மகன்.”

திரி சரியில்லாமல் போனால் மாற்ற வேண்டுமே என்று ஒவ்வொரு வருடமும் பெட்டியில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வைப்பாள். அதை எடுத்து ஏற்றினேன். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. லெம்பி கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். போதகர் தலை குனிந்தார், தடுக்கவில்லை. தன் புருஷனுக்கு மட்டும் சாய்மி ஒன்றும் அடிக்கவில்லை. கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்புக்கு விறகு போடப் போய்விட்டாள்.

அந்தக் குளிர் காலம் முழுவதும் அவள் வீட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

பனி உடைந்து மூன்று வாரம் கழித்து, எதிர்க்கரைக்காரன் வலையில் ஒய்வா கிடைத்தான். டாக்டர் தாள் எழுதினார். அடக்கம் முடிந்தது. சாய்மி வீட்டுக்கு வந்ததும் அந்தக் காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தினமும் காலையில் ஊற்றி, தினமும் கொட்டி வந்த கோப்பை.

அடுத்த திருநாளில் அவன் பெயர் கோட்டுக்குக் கீழே இருந்தது. அவளே எழுதியிருந்தாள். கயிற்றை யாரிடம் கொடுப்பது என்று போதகர் கேட்டபோது, “லெம்பி அடிக்கட்டும்” என்றாள்.

பழகாத கை அது. மற்றப் பெயர்களுக்குச் சரியாகத்தான் அடித்தாள். “ஒய்வா” என்று போதகர் படித்ததும் சாய்மி மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றாள். லெம்பி உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்துவிட்டாள். மணி ஒன்றுக்கு மூன்றாக அடித்து, ஏரியின் அந்தக் கரை வரை போயிற்று.

ஆராதனை முடிந்ததும் லெம்பி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சுக்கோ சாய்மி. ரெண்டு கூடிப் போச்சு.”

“இருக்கட்டும்” என்றாள் சாய்மி. “அவருக்குக் காது மந்தம்.”