மறந்துபோன கார்த்திகை

புளி உலுக்கும் பருவம். ரங்கசாமி மரத்தின் மேலே நின்று கிளையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். கீழே அவன் மனைவி பாஞ்சாலை கூடையோடு பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுப்போன கிளை ஒன்று யாரும் தொடாமலே முறிந்து அவள் தலையில் விழுந்தது. மலைமேல் இருந்த மூங்கில்மடுவிலிருந்து தூளி கட்டி நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிவந்து, ஜீப் பிடித்து, போளூர் போய், அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் அவள் கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் திறந்தவள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை உற்றுப் பார்த்தாள்.

"இன்னா மாமா, இப்டி நரச்சிப்போய்ட்ட?"

ரங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் பேசிய பிறகு சிரிப்பு போய்விட்டது. கல்யாணமாகி மலையேறி வந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் வருஷத்து மழை, அப்போதிருந்த காளைகளின் பெயர், கொழுந்தன் சின்னதம்பி பந்தியில் மூன்று தரம் சோறு வாங்கித் தின்றது, எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எழுபத்து மூன்றாம் வருஷத்தில் படுத்தவள் எழுபத்தொன்பதில் எழுந்திருந்தாள்.

"ஞாபகம் வந்தாலும் வரும், வராமலும் போகும். துருவித் துருவிக் கேட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று டாக்டர் சொல்லி, மத்தியானத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜீப்பில் திரும்பி வரும்போதுதான் தன் இடது கையை அவள் சரியாகப் பார்த்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, வழவழவென்று வெளுத்திருந்தது. அவளுக்குத் தெரிந்த கை இல்லை அது.

"இது இன்னா மாமா?"

ரங்கசாமி அதற்காகத்தான் காத்திருந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "நாலு வருசத்துக்கு முன்ன, கார்த்திகையில, சின்னதம்பி களத்துல அறுத்துப் போட்ட சாமப்போரு பத்திக்கிச்சி. அவன் பொண்டாட்டி அம்மாக்கண்ணு கைக்கொழந்தைய போரு நெழல்ல படுக்க வச்சிட்டு ஓடைக்குப் போயிருந்தா. நீ தான் நெருப்புக்குள்ள பூந்து கொழந்தையத் தூக்கிக்கினு வந்த. ஊரே உன்னக் கையெடுத்துக் கும்புட்டுது."

பாஞ்சாலை அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையின் வளைவுகளைப் பார்த்தபடியே வந்தாள். தான் இவ்வளவு நல்லவளா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

ஊருக்கு வந்தபின் நாட்கள் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பது போல நடந்தன. காலையில் பனி ஓடையிலிருந்து எழுந்து வீடுகளுக்குள் வந்து போகும். அவள் வாசலில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பற்றி அவளிடமே சொல்வார்கள். அடுத்த வீட்டுக் கெங்கம்மாள் தினமும் வந்து, நீ இந்தப் புடவையை எடுத்தது இன்ன சந்தையில், இந்தப் பலாக்கன்றை நட்டது நீதான் என்று சொல்லிவிட்டுப் போவாள். யாரோ ஒரு நல்ல பெண்ணின் கதையைக் கேட்பது போலப் பாஞ்சாலை கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னதம்பியின் வீடு. அவனுக்குக் கல்யாணமானதும் பாகம் பிரிந்ததும் அவளுக்கு நினைவில் இல்லாத வருஷங்களில் நடந்தவை. ஆகவே ஓரகத்தி அம்மாக்கண்ணுவை அவள் முதல்முறையாகப் பார்த்தது தண்ணீர் எடுக்கப் போனபோதுதான். மெலிந்த, உயரமான பெண். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண்குழந்தை ஒன்று நின்றிருந்தது. நெருப்பிலிருந்து தூக்கிய குழந்தை இதுதான் என்று பாஞ்சாலைக்குப் புரிந்தது. அவள் வாய் நிறையச் சிரித்தாள்.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் பாஞ்சாலையின் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குடத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு எப்போது தலையைத் தூக்கினாலும் அக்கரையில் அவள் நின்றுகொண்டிருப்பாள். துணி உதறும்போது, மாட்டைக் கட்டும்போது, வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்ப்பாள். பாஞ்சாலைக்கு முதுகில் எறும்பு ஊர்வது போல இருக்கும்.

"அவ ஏன் அத்தே என்ன அப்டிப் பாக்கறா?" என்று கெங்கம்மாளிடம் கேட்டாள்.

"அவ கெர்வக்காரி, உடு" என்றாள் கெங்கம்மாள். பிறகு, வெற்றிலையை மடித்தபடி, "ஆனா ஒண்ணுடி. முன்னல்லாம் அவ எதுர வந்தா நீ தான் தலையக் குனிஞ்சிக்கினு ஒதுங்கிப் போவ. கொழந்தையக் காப்பாத்துனவ இவ, எதுக்குக் குனியறான்னு நாங்க பேசிக்குவோம்."

அன்று மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவளுக்கு அந்தக் காட்சி முதல்முறை வந்தது. நல்ல வெயில். கையில் ஓர் ஓட்டுச்சில்லு, அதில் தணல். அடுப்பு மூட்ட அடுத்த வீட்டிலிருந்து நெருப்பு வாங்கிப் போவது போல அவள் நடந்து போகிறாள். காற்று இல்லை. புகையும் இல்லை. எங்கேயோ ஒரு மாட்டு மணி. மனசு தண்ணீர் தளும்பாத குடம் மாதிரி நிறைந்திருக்கிறது. அவ்வளவுதான். விழித்ததும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவளைப் பயமுறுத்தியது நெருப்பு இல்லை, அந்த நிறைவு.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள், அப்போதும் வந்தது.

"மாமா, அந்தப் போரு எப்டிப் பத்திக்கிச்சி?" சோறு போட்டபடி கேட்டாள்.

"எந்த அடுப்பு நெருப்போ. காத்துல பறந்து வந்திருக்கும்."

"அன்னிக்கிக் காத்து இருந்திச்சா?"

ரங்கசாமி கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "ஏன், ஞாபகம் வருதா?"

"இல்ல மாமா."

"அப்ப நான் எங்க இருந்தேன்?" என்று குழம்பை ஊற்றியபடி அவளே மறுபடி கேட்டாள்.

"மேக்கொல்லையில. பொகையப் பாத்துட்டு ஓடியாந்தேன்னு நீ தான் சொன்ன."

நீ தான் சொன்ன. அவளைப் பற்றி ஊர் சொன்ன அத்தனையும் அவள் வாயிலிருந்து போனதா என்று அன்றுதான் தோன்றியது.

நான்கு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஐந்தாம் நாள் முற்பகல், ரங்கசாமி உழவுக்குப் போன பிறகு, அடுப்பிலிருந்து தணலை ஒரு சில்லில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. காலுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவே. ஓடையின் இரண்டு பாறைகள் மேல் கால் தானாகப் பட்டது. கரையில் புதர் மறைத்த ஒரு குறுக்குவழி இருந்தது. அடிபட்டு ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவள் ஒரு நாள்கூட அந்த வழியில் போனதில்லை. ஆனால் கால் அங்கேதான் திரும்பியது. பத்தடி போனதும் புதர் விலகிக் களம் தெரிந்தது.

களத்தின் ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கண்ணு தலையைத் தூக்கினாள். வெயிலில் நெருப்போடு வருகிறவளைப் பார்த்ததும் முறம் கவிழ்ந்தது. "மாணிக்கா!" என்று அலறி, பக்கத்தில் விளையாடிய குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். "வராத! கிட்ட வராத!"

பாஞ்சாலை சில்லை வெறுந்தரையில் கவிழ்த்து, மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள். கையைத் தட்டிக்கொண்டு, அங்கேயே, களத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் தான் பத்த வச்சனா?"

அம்மாக்கண்ணு குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு நெசமா தெரில அம்மாக்கண்ணு. எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. எனக்கு வேற ஒண்ணு தோணுது. உனக்குத் தான் தெரியும்போல கீது."

மண் மூடிய சில்லைப் பார்த்துவிட்டு அம்மாக்கண்ணு குழந்தையைக் கீழே இறக்கினாள். "ஓடையிலேர்ந்து தண்ணி தூக்கிக்கினு ஏறி வரேன். இதே வழியா நீ வந்த. இதே மாதிரி, ஓட்டுல நெருப்பு. போருக்கு அடியில கொட்டிட்டுத் திரும்புன. எனக்கு வாயி வர்ல. கொழந்த அந்தப் பக்கம் கெடக்குது, உனக்குத் தெரியாது. அது அழுவுச்சி. நீ நின்ன. அப்பால, நான் கொடத்தப் போட்டுட்டு ஓடியாறதுக்குள்ள, நீ உள்ள பூந்துட்ட."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"இன்னான்னு சொல்றது? கொளுத்துனான்னு சொல்றதா, காப்பாத்துனான்னு சொல்றதா? கொழந்தைய என் கையில குடுத்துட்டு என் கண்ணப் பாத்த. நான் பாத்துட்டேன்னு உனக்குத் தெரிஞ்சிபோச்சி. அன்னிலேர்ந்து என்னப் பாத்தா குனிஞ்சிக்கினு போவ. அது போதும்னு இருந்தேன்க்கா. நாலு வருசம் அது போதுமா இருந்திச்சி." அவள் கவிழ்ந்த முறத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "இப்ப நீ எல்லாத்தையும் கழுவிட்டு வந்து என்னப் பாத்துச் சிரிக்கற. நான் ஒருத்தியே வச்சிக்கினு இன்னா பண்றது?"

பாஞ்சாலைக்கு அழுகை வரவில்லை. குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது போல, காலிலிருந்து மேலே மேலே ஏதோ ஏறியது.

"எதுக்குப் பண்ணேன்?"

"பொதுக்களம் இது. உன் கொழுந்தன் பாதிய மறிச்சி வேலி போட்டாரு. ஒரு வாரம் நீ யார்கூடவும் பேசல."

"இவ்ளோதானா?"

"அதுக்குத் தானா, இன்னும் ஏதாச்சும் இருந்திச்சா, எனக்குத் தெரியாது. அது உனக்குத் தான் தெரியும்."

அது அவளுக்குத் தெரியவே இல்லை. எவ்வளவு துழாவியும் அந்த ஒரு வாரத்தின் கோபம் கிடைக்கவில்லை. செய்தது தன் கை. ஆனால் செய்ய வைத்த மனசைக் காணோம்.

அன்று சாயங்காலமே ரங்கசாமியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. "தலையில அடிபட்டவகிட்ட எது சொன்னாலும் ஒட்டிக்கும். அவ ஊதி உட்டிருக்கா" என்றான். அவள் விடவில்லை. ஊர்க்கூட்டம் கூடியபோது நடுவில் எழுந்து நின்று, "அந்தப் போரப் பத்த வச்சது நான் தாங்க" என்றாள். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் பாவம் என்றார்கள். பெரியவர் மாதையன் அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது?" என்று கேட்டார்.

அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "அது எங்க ரெண்டு பேருக்குள்ளங்க. ஊரு தலையிட வேணாம்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்த வருஷக் கார்த்திகையில் சின்னதம்பியின் சாமை களத்துக்கு வந்தபோது, பாஞ்சாலை கூப்பிடாமலே போய் நின்றாள். அம்மாக்கண்ணு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒரு முறத்தை அவள் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் பேசாமல் புடைத்தார்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் பேசினார்கள். தொலைந்த ஆறு வருஷம் கடைசிவரை திரும்பவில்லை. மத்தியானக் காட்சியும் மெல்ல வருவதை நிறுத்திவிட்டது. ஊரில் யாராவது, குழந்தையைக் காப்பாற்றியவள் என்று வெளியூர்க்காரரிடம் அவளைக் காட்டினால், "பத்த வச்சதும் நான் தாங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் அம்மாக்கண்ணுவின் பெண் மாணிக்கம்மாளுக்குப் போளூரில் ஹாஸ்டலோடு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. சேர்க்கப் போகிற அன்று சின்னதம்பிக்கு நல்ல காய்ச்சல். அம்மாக்கண்ணு ஓடையைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, அவர உட்டுட்டு நான் வர முடியாது. நீ கூட்டிக்கினு போய்ட்டு வா."

பாஞ்சாலை அவள் முகத்தைப் பார்த்தாள். "நானா?"

"வேற யாரு? பஸ்ஸுக்கு நேரமாச்சி, கெளம்பு."

வளைவுகளில் பஸ் இறங்கும்போது பெண் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். பாஞ்சாலை தன் சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்து, தோளில் சாய்த்துக்கொண்டாள். கீழே வெயில் தெரியத் தொடங்கியது. வெகு நாளாக நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"மாணிக்கா, உன் சின்ன வயசுல நடந்தது ஒண்ணு, ஊர்ல சொல்றாங்களே..."

"தெரியும் பெரிம்மா" என்றாள் பெண், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டயும் அம்மா சொல்லிச்சி. நீ ஜன்னல் பக்கம் எனக்கு எடம் உடு, மறுபடி வாந்தி வருது."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். பஸ் மலையை விட்டுச் சமவெளிக்கு வந்தது. போளூர் வருவதற்கு முன் ரயில்வே கேட் மூடியிருந்தது. மாணிக்கம்மாள் எழுந்து, பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, முதல்முறையாக ரயில் வருவதைப் பார்த்துக் கத்தினாள். பாஞ்சாலை அவள் பாவாடையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து முடியும்வரை விடவில்லை.