வழியனுப்ப வைத்த வெடி

யுத்தம் முடிந்த மறுவருஷம். பழவங்காடியில் குடியிருந்துகொண்டு, திருவனந்தபுரத்தை அடுத்த ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் கிளார்க்காக வேலை பார்த்து வந்தேன். அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

எங்கள் பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுகிறவர், ஐம்பதை நெருங்கியவர். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர். பட்டாளத்து ரயில்வேக்கு ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்து, அஸ்ஸாம் எல்லையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். விமானம் குண்டு போட்டதில், கூட நின்ற இரண்டு பேர் செத்தார்கள் என்பதைத் தவிர அங்கே நடந்த எதையும் அவர் சொன்னதில்லை. வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

அன்று காலை வண்டியை ஓட்டி வந்த டிரைவருக்கு அதுதான் கடைசி நாள். ஓய்வு பெறும் டிரைவரை வழியனுப்ப, ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கையாக வைக்கிற வெடிகளைத் தண்டவாளத்தில் கட்டி வைப்பது ரயில்வேக்காரர்கள் வழக்கம். எஞ்சின் சக்கரம் ஏறியதும் ஒவ்வொன்றாக வெடிக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லி, நானேதான் பத்து வெடி வைத்தேன். பாயிண்ட்ஸ்மேனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. யுத்தத்தையே பார்த்த மனுஷனுக்கு இதென்ன என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் வெடி வெடித்ததுதான் தாமதம், கையில் மாலையோடு நின்ற ஸ்டேஷன் மாஸ்டரைப் பாயிண்ட்ஸ்மேன் பாய்ந்து தரையில் தள்ளி, மேலே கவிழ்ந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கடைசி வெடி ஓயும்வரை எழுந்திருக்கவில்லை. பிளாட்பாரமே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

தன் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வந்தவன் என்பது அந்த மாஸ்டருக்கு உறைக்கவே இல்லை. நாலு பேர் முன்னால் மானம் போனதுதான் பெரிதாகப் பட்டது. குடித்துவிட்டு மேலதிகாரியைத் தள்ளிவிட்டான் என்று ரிப்போர்ட் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். அவர் சாராயத்தைத் தொடாதவர் ஆயிற்றே என்று முனகிப் பார்த்தேன்.

"வெடி வைக்க உமக்கு யாரு பெர்மிஷன் தந்தது? அதையும் சேர்த்து எழுதட்டுமா?" என்றார்.

வைக்கச் சொன்னவரே கூசாமல் கேட்டார். நானும் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்.

பாயிண்ட்ஸ்மேனுக்கு வேலை போயிற்று. யூனிபாரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று அவர் என்னிடம் கோபப்படவில்லை. ரிப்போர்ட்டில் என் கையெழுத்தை அவர் பார்த்திருந்தார்.

"சாரே, ஒரு வாக்கு பறஞ்சிருந்தா போதுமாயிருந்தது. வெடிய நானே வெச்சுத் தந்திருப்பேனே" என்றார்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால், அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் எழுவதில்லை.