மஞ்சள் துப்பட்டாவுக்குள் மானிட்டர்

கருட சேவை நாளில் திருப்பதிக்குள் ஆட்டோ தேடுகிறவன் பைத்தியக்காரன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பைத்தியக்காரிகள் தேடிக்கொண்டிருந்தோம்.

நானும் என் சிநேகிதியும் பிரவுசிங் சென்டர் திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர், பெயர்ப்பலகை மட்டும் பெரிது. என் அண்ணன் குவைத்தில் டிரைவர். அவன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போனில் குரல் கேட்டால் மட்டும் போதாது, முகத்தைப் பார்க்காமல் நல்லாயிருக்கிறான் என்று எப்படி நம்புவது என்பது அம்மாவின் கட்சி. அதனால் அவனுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை, நம் ஊர் நேரம் ஐந்து மணிக்கு அவன் அங்கே ஒரு சென்டரில் கேமரா முன்னால் உட்காருவது, அம்மா இங்கே உட்காருவது என்று ஏற்பாடு. ஒரு மணி நேரம்தான் அவனுக்கு இடம் கிடைக்கும்.

வியாழக்கிழமை மானிட்டர் கண்ணை மூடியது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய் ரிப்பேர் கடையில் படுக்கவைத்தோம். வெள்ளி மதியம் உயிர் வந்துவிட்டது என்று தகவல் வந்தபோது ஊரே ஜனம். போலீஸ் தெருவுக்குத் தெரு கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவோ வெதுருகுப்பம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்து, புதுப் புடவை கசங்காமல் சென்டரில் உட்கார்ந்திருந்தாள்.

சிநேகிதியின் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர்கள். அவள் அப்பா பூக்கூடை ஏற்றும் சைக்கிள் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினோம். பழைய டியூபை நீளமாகக் கத்தரித்த பட்டைகள், ஒரு தலையணை, ஒரு பலகை. எங்கள் என்ஜினியரிங் அவ்வளவுதான். பலகையைக் கேரியரில் கட்டி, தலையணையைப் போட்டு, கண்ணாடி பின்பக்கம் பார்க்க மானிட்டரை வைத்து இறுக்கினேன். கையை எடுத்ததும் சைக்கிள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டருக்கு எடை எல்லாம் மூஞ்சியில்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"கண்ணாடிய சீட்டுப் பக்கம் திருப்பும்மா. சீட்டு மேல சாஞ்சிக்கினு கம்முனு வரும்" என்றார் கடைக்காரர். திருப்பினோம். அப்படியும் ஹேண்டில் லேசாக ஆடியது. உடனே அவர் ஒரு செத்த யு.பி.எஸ்ஸைக் கொண்டுவந்து ஹேண்டிலில் பையோடு மாட்டினார். "இத திருப்பித் தர வேணாம்" என்றார். கடைக் குப்பையை ஒழிக்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

பாதித் தெருவில் தூறல் விழுந்தது. சிநேகிதி தன் மஞ்சள் துப்பட்டாவை உருவி மானிட்டரைச் சுற்றி, பூ கட்டுகிற முடிச்சாகப் போட்டுக் கட்டினாள். அங்கேதான் வினை. கருட சேவை நாள், மஞ்சள் துணி, பூக்கூடை சைக்கிள், இரண்டு பக்கமும் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு வரும் இரண்டு பெண்கள். முதலில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் யாரோ "கோவிந்தா" என்றார்கள். அவ்வளவுதான், தெருவே கோவிந்தா போட்டது. ஒரு அம்மாள் தன் தலையில் இருந்த பூவை எடுத்து மானிட்டரின் உச்சியில் வைத்தாள்.

கயிற்றருகே கான்ஸ்டபிள் கையை நீட்டி, என்ன இது என்று தெலுங்கில் கேட்டார். "ஏமிடம்மா இதி?"

சிநேகிதி பொய் சொல்லாத குடும்பம். "மானிட்டர் சார்" என்றாள்.

கோஷத்தில் அவர் காதில் என்ன விழுந்ததோ, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கயிற்றைத் தூக்கினார். "பதண்டம்மா, பதண்டி" என்று எங்களைப் போகச் சொல்லிக் கூட்டத்தையும் விலக்கினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் அன்றைக்குச் சவாரிதானே.

சென்டருக்கு வந்தபோது ஐந்தேகால். அப்போதுதான் சிநேகிதி செய்துவைத்திருந்த இன்னொரு காரியம் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் சும்மா இருக்கப் பிடிக்காமல், மேஜைக்கடியில் கிடந்த எல்லா ஒயரையும் சேர்த்து வாழை நாரால் மாலையாகக் கட்டி, ஆணியடித்து மேஜையின் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். கீபோர்டு, மவுஸ், கேமரா, மைக், டெலிபோன் ஒயர், எல்லாம் விரற்கடைக்கு ஒரு முடிச்சு. பார்க்க அத்தனை அழகு. ஆனால் மானிட்டர் ஒயரைச் செருக சி.பி.யு.வை முன்னால் இழுக்க வேண்டும். மாலை விடவில்லை.

"எவளாவது மானிட்டர் இல்லாத நேரத்துல ஒயர் கட்டுவாளாடி? கத்தரி எங்கே?" என்று கத்தினேன்.

"மாலையக் கத்தரிக்கப்படாதுடி. நுனி எங்க இருக்குன்னு நேக்குத் தெரியும்" என்று மேஜைக்கடியில் புகுந்தாள். நாரை இழுத்தாள். முடிச்செல்லாம் மளமளவென்று உதிர்ந்தன. அந்த ஒன்றுக்காக அவளை மன்னித்தேன்.

ஐந்தரைக்குப் படம் வந்தது. முதலில் கட்டம் கட்டமாக நெற்றி, பிறகு மூக்கு, பிறகு அண்ணன். "அம்மா, தெரியலியே. கேக்குதா?" என்று ஸ்பீக்கரில் கேட்டான். குனிந்து பார்த்தேன். அவசரத்தில் கேமரா ஒயரும் மைக் ஒயரும் கழன்று தரையில் கிடந்தன. அவனுக்கு நாங்கள் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஒயர்களை எடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "சொருவாத. கொஞ்சம் இரு."

"நேரம் ஆவுதும்மா."

"ஆவட்டும். சொருவினா சிரிச்சிக்கினே இருப்பான்."

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைக் கசக்கினான். வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். கன்னம் ஒட்டியிருந்தது. பின்கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, அப்படியே கையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினான். அம்மா இமைக்காமல் பார்த்தாள். 

"இப்ப சொருவு" என்றாள் அம்மா.

செருகினேன். அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்து, காலரை இழுத்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"நல்லா இருக்கறியாடா?"

"ராஜா மாதிரி இருக்கறேம்மா. எனக்கு இன்னா கொறச்சல்?"

"ஆமாடா, தெரியுது" என்று அம்மாவும் சிரித்தாள்.